குழந்தையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்: தொடக்கக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளிகளின் தரத்தைத் திட்டமிடுகிற, கண்காணிக்கிற, மதிப்பிடுகிற அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் பாடம் எடுத்திருக்கிறேன், இப்போதும் எடுக்கிறேன். உங்களிடமிருந்து வருகிற சுற்றறிக்கைகளைப் படிக்கிறேன், கேட்கிற விவரங்களை அனுப்புகிறேன். தர மேலாண்மை, புத்தாக்கம் என்ற இரண்டும் இப்போது எல்லாச் சுற்றறிக்கையிலும் வருகின்றன. இரண்டுமே பள்ளிக்குத் தேவை என்று உண்மையாகவே நம்புகிறவன் நான். ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது முதலாவது ஒரு படிவமாகவும், இரண்டாவது பெட்டியில் வந்து இறங்குகிற ஒரு பொருளாகவும் மாறிவிடுகிறது. வழியில் எங்கேயோ குழந்தை விடுபட்டுப் போகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது, இன்னொன்று 24 என்று எழுதுகிறது, மூன்றாவது 79 என்று எழுதுகிறது. மூன்றும் தவறு, மூன்றுக்கும் சுழியம். உங்களுக்கு வருகிற தரவில் மூன்று பேரும் ஒன்றே, கழித்தல் தெரியாதவர்கள். ஆனால் நோட்டைப் பார்க்கிற ஆசிரியருக்கு இவை மூன்றும் வேறு வேறு செய்திகள். 35 எழுதிய குழந்தை ஒன்றின் இடத்தில் 2-ம் 7-ம் இருப்பதைப் பார்த்துப் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, பத்தின் இடத்தில் 5-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது, தனக்குத் தெரிந்த விதியை அது ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருக்கிறது. அதற்குக் குச்சிக் கட்டுகளைக் கையில் கொடுத்து, ஒரு பத்துக் கட்டை அதையே அவிழ்க்கவிட வேண்டும், கடன் வாங்குவது என்றால் என்ன என்று அப்போதுதான் பிடிபடும். 24 எழுதியதற்குப் பெரும்பாலும் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, எண்ணும்போது ஒன்று தவறிவிட்டது. அதை மறுபடி முதலிலிருந்து உட்காரவைத்தால் சலிப்புதான் மிஞ்சும். 79 எழுதியது குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டது.

வாசிப்பிலும் இதே கதைதான். 'பொம்மை' என்ற சொல்லில் துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டு 'பெர' என்று தொடங்குகிற குழந்தை உண்டு. எல்லா எழுத்தும் தெரிந்தும், சேர்த்து வாசிக்க வராமல் ஒவ்வொன்றாகச் சொல்லி நின்றுவிடுகிற குழந்தை உண்டு. கடகடவென்று வாசித்து முடித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிற குழந்தையும் உண்டு. இந்த மூவருக்கும் மறுநாள் செய்ய வேண்டியது வேறு வேறு.

என் அளவில் தொடக்கப் பள்ளியின் தரம் என்பது இங்கேதான் இருக்கிறது. குழந்தைக்கு எது வரவில்லை என்பதை ஆசிரியர் எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார், பார்த்தபின் மறுநாள் எதை மாற்றிச் செய்கிறார், அது பலித்ததா என்று எப்போது திரும்பிப் பார்க்கிறார். இந்தச் சுற்று வாரத்துக்கு வாரம் ஓடுகிற பள்ளி நல்ல பள்ளி, கட்டடம் எப்படி இருந்தாலும் சரி. இது ஓடாத பள்ளியில் வேறு எது இருந்தும் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற குழந்தைக்கு ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்ல வராது. உலக வங்கியும் யுனிசெஃபும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேரால் ஓர் எளிய உரையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. இவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளிக்கு வருகிறவர்கள், தினமும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

இப்போது உங்கள் அமைப்பு இந்தச் சுற்றுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். தேர்வு வைக்கச் சொல்கிறீர்கள், வைக்கிறோம். மதிப்பெண்ணைச் செயலியில் ஏற்றச் சொல்கிறீர்கள், ஏற்றுகிறோம். அதே மதிப்பெண் ஒரு பதிவேட்டிலும் இருக்க வேண்டும், எழுதுகிறோம். பிறகு அது சதவீதமாகிப் பல மாதம் கழித்து ஒரு தரவரிசைப் பட்டியலாகத் திரும்பி வருகிறது. அதற்குள் அந்த 35 எழுதிய குழந்தை பெருக்கலுக்குப் போய்விட்டது, அங்கேயும் தடுமாறுகிறது. திரும்பி வந்த பட்டியலில் அந்தக் குழந்தைக்கு உதவுகிற ஒரு வரிகூட இல்லை. மீளாய்வுக் கூட்டத்தில் பட்டியலின் அடியில் இருக்கிற பள்ளிகளை எழுந்து நிற்கச் சொல்வதும், மேலே இருக்கிறவர்களுக்குக் கைதட்டுவதும் நடக்கிறது. அதற்குப் பெயர் தர மேலாண்மை என்று சொல்லப்படுகிறது.

தர மேலாண்மை என்ற துறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன், ஏனென்றால் எங்கள்மீது பயன்படுத்தப்படுகிற ஒரு கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்வது நியாயம்தானே. 1920களில் அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்கிற நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட், உற்பத்தியில் வருகிற ஏற்ற இறக்கங்களை இரண்டாகப் பிரித்தார். அந்த அமைப்பிலேயே எப்போதும் இருக்கிற சாதாரண ஏற்ற இறக்கம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு காரணத்தால் வருவது இன்னொன்று. முதல் வகையை இரண்டாவது வகை என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் எதையாவது திருகினால் நிலைமை மோசமாகும் என்பது இந்த வழியில் வந்தவர்களின் அடிப்படைப் பாடம். அவரிடமிருந்து கற்ற எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் இதைக் கற்பித்தார். அவர் பிற்காலத்தில் தொகுத்த 14 கொள்கைகளில் என்ன இருக்கிறது தெரியுமா? கடைசியில் ஆய்வு செய்து தரத்தைக் கொண்டுவரலாம் என்று நம்பியிருக்காதீர்கள். பயத்தை விரட்டுங்கள். முழக்கங்களையும் வெறும் எண் இலக்குகளையும் விடுங்கள். துறைகளுக்கிடையே உள்ள சுவர்களை உடையுங்கள். வேலை செய்கிறவர் தன் வேலையைப் பற்றிப் பெருமைப்பட முடியாமல் தடுப்பவற்றை நீக்குங்கள். தர மேலாண்மையின் ஆசான்களில் ஒருவராக மதிக்கப்படுகிறவர் விடச் சொன்னவற்றைத்தான் அந்தப் பெயரிலேயே பள்ளிகளில் செய்துகொண்டிருக்கிறோம். இதை உங்கள் பயிற்சிக் கூட்டங்களில் யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

அந்த ஏற்ற இறக்க விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரவரிசைப் பட்டியல் எங்களுக்குச் செய்கிற அநியாயம் அதில்தான் இருக்கிறது. ஒரு வகுப்பில் 20 குழந்தைகள். இந்த ஆண்டு 14 பேருக்கு வாசிக்க வருகிறது, 70 சதவீதம். அடுத்த ஆண்டு அதே வகுப்பில் வேறு 20 குழந்தைகள், 12 பேருக்கு வாசிக்க வருகிறது, 60 சதவீதம். உங்கள் அறிக்கையில் பத்து சதவீதப் புள்ளிகள் வீழ்ச்சி, சிவப்பு நிறம், விளக்கம் கேட்டு ஒரு கடிதம். நடந்தது என்ன? இரண்டு குழந்தைகள். ஒன்று வருடத்தின் நடுவில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்ததாக இருக்கலாம், இன்னொன்று உடம்பு சரியில்லாமல் நீண்ட நாள் வராமல் இருந்திருக்கலாம், அல்லது எந்தக் காரணமும் இல்லாமல் இந்த வருடத்துக் குழந்தைகள் அப்படி அமைந்திருக்கலாம். 200 பேர் உள்ள பள்ளியில் இரண்டு குழந்தைகள் ஒரு சதவீதம்தான், யார் கண்ணிலும் படாது. ஆகவே பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் இருக்கும், அது எண்களின் இயல்பு. இந்த வருடம் கைதட்டல் வாங்கிய சிறிய பள்ளி அடுத்த வருடம் கீழே போகும், திட்டு வாங்கியது மேலே வரும், அப்போது திட்டியதால்தான் மேலே வந்தது என்று தோன்றும். நிர்வாகத்துக்குத் திட்டுவதில் நம்பிக்கை வளர்வது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரே ஆண்டின் எண்ணை வைத்து எந்தப் பள்ளியையும் உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டாம். மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், அதே குழந்தைகள் வருடத் தொடக்கத்தில் எங்கே இருந்தார்கள், முடிவில் எங்கே வந்தார்கள் என்று பாருங்கள், போதும்.

பயம் சேர்ந்துகொண்டால் எண்ணே கெட்டுப் போகும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ என்பவர் அரசின் கல்விப் பொறுப்பில் இருந்தபோது ஒரு விதி வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார், தேறுகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி பள்ளிக்கு மானியம். விளைவு, ஆசிரியர்கள் வாசிப்புப் புத்தகத்தையே குழந்தைகளுக்கு மனப்பாடமாக்கினார்கள், மூன்று பாடத்துக்கு வெளியே இருந்ததெல்லாம் சுருங்கியது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு தன் அறிக்கைகளில் இது கற்பித்தலை இயந்திரமாக்குகிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். அந்த முறையை முழுதாகக் கைவிட 1890கள் வரை ஆயிற்று. ஒரு தலைமுறைக்கும் மேல். நூறு ஆண்டுக்குப் பிறகு, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2009-ம் ஆண்டுத் தேர்வு பற்றி மாநில அரசு நடத்திய விசாரணையில், 44 பள்ளிகளில் முறைகேடு நடந்தது என்றும் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் ஈடுபட்டார்கள் என்றும் 2011-ல் தெரியவந்தது. குழந்தைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியானவற்றை எழுதியிருந்தார்கள். வழக்கு 2015-ல் தீர்ப்பாகி 11 பேர் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் செய்தது தவறுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் படிக்க வரவில்லை என்ற செய்தி அந்தத் தாளில் இருந்தது. அதை அழித்துவிட்டார்கள். உதவி கிடைத்திருக்க வேண்டிய குழந்தைக்கு, உனக்கு எல்லாம் வருகிறது என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. ஓர் எண்ணின்மீது பெரிய முடிவுகளைத் தொங்கவிட்டால் அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த விஷயமும் கெடும் என்று டொனால்ட் கேம்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970களிலேயே எழுதிவிட்டார்.

அப்புறம் காகிதம். மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், திட்டம் நடந்த பள்ளிகளை நடக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். திட்டம் கேட்பதற்கு மிக நன்றாக இருக்கிறது, உலகில் நல்லவை என்று சொல்லப்படுகிற நடைமுறைகள் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு பள்ளியையும் விரிவாக மதிப்பிடுவது, அந்தப் பள்ளிக்கென்றே ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது, அதிகாரிகள் பிறகு வந்து பின்தொடர்வது. மதிப்பீடுகள் முடிந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன, ஆவணங்கள் சரியாக இருந்தன. வகுப்பறையில் கற்பிக்கும் முறை மாறவில்லை, ஆசிரியர் வருகை மாறவில்லை, குழந்தைகளின் கற்றலிலும் மாற்றம் இல்லை. இதில் என்னை மிகவும் பாதித்தது அடுத்து நடந்ததுதான். திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு, நாடு முழுவதும் சுமார் 6 லட்சம் பள்ளிகளுக்கு அந்த மாதிரி விரிவாக்கப்பட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சொல்லி வைத்திருப்பது இதைத்தான். கீழே இருப்பவர் காகிதத்தை நிரப்பி அனுப்புகிறார், மேலே இருப்பவர் காகிதத்தைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நம்புகிறார், இருவரும் மனதறிந்து ஏமாற்றவில்லை, இருந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர் பள்ளிக்கு வருகிறாரா, குழந்தையை அடிக்கிறார்களா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கூரை பத்திரமாக இருக்கிறதா, வந்த பணம் செலவாயிற்றா, இதையெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாருங்கள், கடுமையாக நடவடிக்கை எடுங்கள். வகுப்புக்கே போகாத ஆசிரியரை நல்ல வார்த்தை சொல்லித் திருத்திவிடலாம் என்று நான் நம்பவில்லை, அவரால் பாதிக்கப்படுகிற குழந்தைக்கு அது நியாயமும் இல்லை. ஆனால் வகுப்புக்குப் போய், பாடம் எடுத்து, பாதிக் குழந்தைகளுக்கு ஏன் வரவில்லை என்று தெரியாமல் திகைக்கிற ஆசிரியர்கள்தான் எங்களில் அதிகம். அவருக்குத் தேவைப்படுவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஓர் ஆள். கடுமை அங்கே வேலை செய்யாது.

இனி புத்தாக்கம். இந்தப் பெயரில் பள்ளிக்கு வந்தவற்றில் பல இப்போது பீரோவில் இருக்கின்றன, எல்லாப் பள்ளிகளிலும் அப்படி ஒரு பீரோ உண்டு. பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு மடிக்கணினி கொடுத்ததை 319 பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். கணினிகள் வந்து சேர்ந்தன, குழந்தைகள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்தார்கள், ஆனால் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கென்யாவில் பாடப்புத்தகம் மிகக் குறைவாக இருந்த பள்ளிகளுக்குப் புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். இதுவாவது கட்டாயம் பலிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மட்டும் உதவியது, மற்றவர்களுக்கு இல்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பல குழந்தைகளுக்கு அது மூன்றாவது மொழி, அந்தப் புத்தகத்தை அவர்களால் வாசிக்க முடியவில்லை. குழந்தை நிற்கிற இடத்துக்கும் பாடம் நிற்கிற இடத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு பொருள் தானாகக் குறைத்துவிடாது. திறன்பலகை வந்தாலும் அப்படித்தான், செயலி வந்தாலும் அப்படித்தான்.

அந்தத் தூரத்தையே நேராகக் கையாண்ட ஒரு யோசனையும் இருக்கிறது, அதற்கு அதிகச் செலவும் இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு உருவாக்கி, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ போன்ற பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த முறை. நாளில் ஒரு குறிப்பிட்ட நேரம் வகுப்புப் பிரிவைக் கலைத்துவிட்டு, குழந்தைகளை அவர்களுக்கு இப்போது என்ன வருகிறதோ அதன்படி குழுவாக்கிக் கற்பிப்பது. எழுத்து வராதவர்கள் ஒரு குழு, சொல் வாசிப்பவர்கள் ஒரு குழு, பத்தி வாசிப்பவர்கள் ஒரு குழு. மூன்றாம் வகுப்பா ஐந்தாம் வகுப்பா என்பது அந்த நேரத்துக்கு முக்கியமில்லை. சில வாரத்துக்கு ஒருமுறை குழந்தையைத் தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்த்து அடுத்த குழுவுக்கு மாற்றுவார்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில மாநிலங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் கொடுத்ததோடு நிறுத்தியபோது பள்ளி வேளையில் பலன் கிடைக்கவில்லை, ஆசிரியர்கள் பழையபடி பாடத்திட்டத்தை முடிக்க ஓடினார்கள், ஏனென்றால் அவர்களைக் கேள்வி கேட்டது அதைப் பற்றித்தான். ஹரியானாவில் அதற்கென்று தனி நேரம் ஒதுக்கி, மேற்பார்வை செய்கிற அலுவலர்கள் முதலில் தாங்களே குழந்தைகளுக்கு அந்த முறையில் பாடம் எடுத்துப் பழகி, அதன் பிறகு பள்ளிக்கு வந்தபோது வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. முறை அதேதான், சுற்றியிருந்த நிர்வாகம் மாறியது. மேலே இருப்பவர் அந்த வேலையைத் தன் கையால் செய்து பார்த்திருந்தால் அவர் கேட்கிற கேள்வியே வேறாகிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் தொடக்க வகுப்பு வாசிப்புக்காக நடந்த ஆய்விலும் இதே மாதிரி ஒன்று தெரிந்தது. ஒரே பாடத் திட்டம், ஒரே பொருள்கள். ஒரு பகுதி ஆசிரியர்களை ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், இன்னொரு பகுதி ஆசிரியர்களின் வகுப்புக்கே பயிற்றுநர் போய் உடனிருந்து காட்டிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளின் முடிவில், பயிற்றுநர் வந்த வகுப்புக் குழந்தைகளின் முன்னேற்றம் மற்றவர்களுடையதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு மண்டபத்தில் நாள் முழுக்க உட்காரவைத்துத் திரையில் காட்டி அனுப்புகிற பயிற்சிகளை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். கேட்கும்போது எல்லாம் புரிகிறது, திங்கட்கிழமை வகுப்பில் நிற்கும்போது எதைத் தொடங்குவது என்று தெரிவதில்லை.

ஜப்பானில் நூறு ஆண்டுக்கும் மேலாக ஆசிரியர்கள் செய்து வருகிற ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், எந்த எண்ணைக் கொடுத்தால் குழந்தை எங்கே தடுமாறும் என்பது வரை பேசுவார்கள். ஒருவர் அந்தப் பாடத்தை எடுப்பார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது குழந்தைகளை. யார் எங்கே யோசித்தார், யார் பக்கத்தில் பார்த்து எழுதினார், எந்தக் கேள்வியில் கை தூக்கியவர்கள் கையை இறக்கினார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசி, பாடத்தைத் திருத்தி, சில சமயம் வேறு வகுப்பில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். டெமிங் கற்பித்த திட்டமிடு, செய், பார், திருத்து என்ற சுற்று இதில் அப்படியே இருக்கிறது, யாரும் படிவம் நிரப்பவில்லை. இதற்குத் தேவை நேரமும், சக ஆசிரியர் பார்க்கத் தன் பாடம் சரியாக வராமல் போனால் பரவாயில்லை என்கிற தைரியமும். இரண்டையும் கொடுப்பதோ பறிப்பதோ உங்கள் கையில் இருக்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்?

எல்லாவற்றுக்கும் முன்னால் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு தகவலை ஒருமுறை மட்டும் கேளுங்கள். செயலியில் ஏற்றியது பதிவேட்டில் வேண்டாம், பதிவேட்டில் இருப்பது போட்டோவாக வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். ஒரு புதிய விவரம் கேட்பதற்கு முன் அதை யார் படிப்பார், படித்து எந்த முடிவு எடுப்பார் என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள், பதில் இல்லையென்றால் அந்த விவரம் வேண்டாம். ஒரு துறை அனுப்புகிற வேலை இன்னொரு துறைக்குத் தெரியாமலேயே இரண்டும் ஒரே ஆசிரியரின் மேசைக்கு வருகின்றன.

மொத்த அமைப்பும் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தேவையில்லை. பின்லாந்து 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வாளர் முறையைக் கைவிட்டது, தேசிய அளவில் சில பள்ளிகளை மட்டும் மாதிரியாக எடுத்துச் சோதித்துப் பார்க்கிறது. அங்கே ஆசிரியர் பயிற்சி மிகவும் வலுவானது, அதை இங்கே அப்படியே ஒட்டிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாதிரி எடுத்துப் பார்ப்பதற்குப் பின்லாந்தாக இருக்கத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டிய எண் அதில் கிடைத்துவிடும், எந்தப் பள்ளியின் பெயரும் பட்டியலில் ஏறாததால் யாரும் எதையும் அழிக்க மாட்டார்கள். தனித் தனிக் குழந்தையின் சோதனையை எங்களிடம் விட்டுவிடுங்கள், அன்றைக்கே பார்த்து மறுநாளே எதையாவது செய்ய அது எங்களிடம்தான் இருக்க வேண்டும். பள்ளியை ஒரே சொல்லால் தரம் பிரிப்பதையும் விடுங்கள். இங்கிலாந்திலேயே 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒட்டுமொத்தமாக ஒரு சொல்லில் தீர்ப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வுக்கு வருகிற அலுவலர் தலைமையாசிரியர் அறையில் உட்கார வேண்டாம். நேராக மூன்றாம் வகுப்புக்குப் போய், நான்கைந்து குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும், நோட்டைப் புரட்டட்டும். ஆசிரியரிடம் அவர் கேட்க வேண்டியது, போன மாதம் குழந்தைகளிடம் எதைப் பார்த்தீர்கள், அதனால் எதை மாற்றினீர்கள், மாற்றியது பலித்ததா என்பதுதான். முடிந்தால் ஒரு பாடம் அவரே எடுக்கட்டும். எடுத்துச் சொதப்பினாலும் எங்களுக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்யும். போகும்போது, அடுத்த முறை வரும்போது எந்த ஒரு விஷயத்தைச் சேர்ந்து பார்ப்பது என்று பேசி வைத்துவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு விஷயம் போதும்.

புதிய முயற்சிகளுக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். எந்தத் திட்டத்தையும் தொடங்கும்போதே, இத்தனை மாதத்தில் இதைப் பார்ப்போம், இது மாறியிருந்தால் தொடர்வோம், இல்லையென்றால் நிறுத்துவோம் என்று எழுதி வைக்க வேண்டும். எங்கள் பள்ளிகளில் திட்டங்கள் தொடங்குகின்றன, எதுவும் முடிவதில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் எல்லாப் பள்ளிக்கும் போகாமல் சில பள்ளிகளில் செய்து பாருங்கள், அந்தப் பள்ளிகளைச் சாதாரணப் பள்ளிகளிலிருந்து எடுங்கள். நன்றாக நடக்கிற மாதிரிப் பள்ளியில் எதைச் செய்தாலும் நடக்கும், அதை வைத்து ஓராசிரியர் பள்ளிக்கு எதுவும் சொல்ல முடியாது. அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான், அவர் பயிற்சிக்குப் போனால் பள்ளியே நின்றுவிடும். புத்தாக்கம் என்று எதைச் சொன்னாலும் அந்த ஒருவரால் செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

ஆசிரியர்கள் தாங்களாகச் செய்து பார்க்கிற சின்னச் சின்ன மாற்றங்களுக்கும் இடம் கொடுங்கள். ஒருவர் காலையில் முதல் வேளையைக் கணக்கிலிருந்து வாசிப்புக்கு மாற்றிப் பார்ப்பார், ஒருவர் வீட்டுப்பாடத்தைக் குறைத்துப் பார்ப்பார், ஒருவர் ஐந்தாம் வகுப்புக் குழந்தையை ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கதை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். இதற்கெல்லாம் அனுமதிக் கடிதம் கேட்காதீர்கள். விருதும் வேண்டாம், விருது என்றால் வீடியோ எடுப்பதில் பாதி நேரம் போய்விடும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போக அரை நாள் அனுமதியும், அந்த அரை நாளில் அவர்களுடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆளும் கொடுத்தால் போதும்.

அடுத்த மீளாய்வுக் கூட்டத்துக்கு என்று குறிப்பாக ஒன்று கேட்கிறேன். பட்டியலைத் திரையில் போடாதீர்கள். ஒவ்வொரு பள்ளியும் குழந்தைகளின் சில நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவரட்டும், பெயரை மறைத்துவிட்டு அவற்றை மேசைமேல் பரப்பி, இந்தத் தவறு எதனால் வருகிறது என்று நீங்களும் நாங்களும் சேர்ந்து ஒரு மணி நேரம் பேசுவோம். அந்தக் கூட்டத்தில் ஏதாவது ஒரு தலைமையாசிரியர் எழுந்து, நாங்கள் இதைச் செய்து பார்த்தோம், பலிக்கவில்லை, விட்டுவிட்டு இப்போது வேறொன்று முயற்சி செய்கிறோம் என்று சொன்னால் அவரிடம் விளக்கம் கேட்டு எழுதாதீர்கள். என்ன பார்த்தீர்கள், எப்படிப் பலிக்கவில்லை என்று தெரிந்தது என்று கேளுங்கள். கூட்டத்தை எங்கள் பள்ளியில் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஏற்பாடுகளை நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்